செல் பிரிதலைக் கற்பிக்க எந்த நுண்ணுறுப்பு: உட்கரு உறையா, மைட்டோகாண்டிரியாவா, கோல்கையா?

குழித்துறையில் ஞாயிறுதோறும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு நாங்கள் நடத்தும் உயிரியல் வகுப்பில், இந்தப் பருவத்தில் செல் பிரிதலுக்கென இரண்டு அமர்வுகளை மட்டுமே ஒதுக்க முடிந்திருக்கிறது. அமர்வுக்கு இரண்டு மணி நேரம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ் வழியில் படிப்பவர்களும், அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்து வருகிற, வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்பவர்களும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒளி நுண்ணோக்கிகள் இரண்டு இருக்கின்றன. அதற்கு மேற்பட்ட கருவி எங்களிடம் இல்லை. இந்த நான்கு மணி நேரத்தில் பாடநூல் முழுவதையும் ஓட்டிக் காட்டுவதைவிட, ஒரே ஒரு நுண்ணுறுப்பை எடுத்துக்கொண்டு, அதன் அமைப்பு மாறுவதே செல் பிரிதலை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று முழுமையாகச் சொல்லிவிடலாம் என்பதில் எனக்கும் என்னுடன் கற்பிக்கும் தாவரவியல் ஆசிரியைக்கும் ஒரே எண்ணம்தான். எந்த நுண்ணுறுப்பு என்பதில்தான் இரண்டு வாரமாக முடிவு எட்டவில்லை. ஆகையால் இருப்பவற்றை எழுத்தில் வைத்து எடைபோட்டுப் பார்க்கிறேன்.

இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தது ஒரு மாணவியின் கேள்வி. செல் பிரிதலின் முதல் கட்டமான புரோஃபேஸின் முடிவில் உட்கரு உறையும், உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸும் மறைகின்றன என்பது நம் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடமாக எழுதும் வரி. அவள் அதை எழுதிவிட்டு நிமிர்ந்து, “சார், மறைஞ்சது எங்க போச்சு? பிறகு எங்கேயிருந்து வருது?” என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளாக அந்த வரியைத் திருத்தாமல் மதிப்பெண் போட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் என் மனத்தில் தைத்தது. செல்லுக்குள் எதுவும் மறைவதில்லை. ஒவ்வொரு உறுப்பும் குறித்த நேரத்தில், குறித்த நொதியால் பிரித்து அடுக்கப்படுகிறது. அதே துண்டுகள் பிறகு கோத்துக் கட்டப்படுகின்றன. ‘மறைகிறது’ என்று சொல்லும்போது, குரோமோசோம்கள் ஆடும் நாடகத்தில் மற்ற உறுப்புகளெல்லாம் வெறும் திரைச்சீலை என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் விழுந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை மாற்றுவதற்கு எந்த நுண்ணுறுப்பு மிகவும் உதவும் என்பதே கேள்வி.

அளவுகோலை முதலில் சொல்லிவிட வேண்டும். களியக்காவிளைச் சோதனைச் சாவடியைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். லாரி எல்லையைத் தாண்டும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன: குறுக்குக் கம்பு உயர்கிறது, சாலையில் புழுதியும் எழுகிறது. இரண்டும் ஒவ்வொரு முறையும் நடப்பவைதான். ஆனால் புழுதி எழாவிட்டாலும் லாரி போகும். கம்பு உயராவிட்டால் போகாது. செல் சுழற்சியிலும் சோதனைச் சாவடி என்ற அதே சொல்லைத்தான் நாம் வழங்குகிறோம். எனவே ஒவ்வொரு நுண்ணுறுப்பைப் பற்றியும் கேட்க வேண்டியது, பிரிதலின்போது அது மாறுகிறதா என்பதையல்ல, ஏனெனில் ஏறக்குறைய எல்லாமே மாறுகின்றன. அந்த மாற்றத்தைத் தடுத்துவிட்டால் பிரிதல் நிற்குமா என்பதைத்தான். இதற்கு அடுத்தபடியாக, எங்கள் இரண்டு நுண்ணோக்கிகளில் எதையாவது கண்ணால் காட்ட முடியுமா என்பதையும், காட்டுவதற்குக் கிடைக்கும் பொருள் சொல்லும் பாடத்தோடு பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதாகச் சொன்னது சிறிய விஷயம்போலத் தோன்றினாலும், கடைசியில் முடிவைத் திருப்பியது அதுதான்.

உட்கரு உறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆசிரியையின் தேர்வு அது. அவர் தரப்பு வலுவானது. உட்கரு உறை என்பது இரட்டைச் சவ்வு; அதன் உட்பக்கத்தில் லாமின் என்னும் புரத இழைகள் பாய்போலப் பின்னி உறையைத் தாங்குகின்றன. பிரிதலுக்கான வேளை வரும்போது, சைக்ளின்-பி என்ற புரதத்தோடு சேர்ந்த சிடிகே1 என்ற நொதி, லாமின் மூலக்கூறுகளில் குறிப்பிட்ட இடங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய லாமின்கள் ஒன்றையொன்று பற்றி நிற்க முடியாமல் இழை அவிழ்ந்துவிடுகின்றன. 1980ஆம் ஆண்டில் லாரி ஜெரேஸும் குன்டர் ப்ளோபலும் இதை ஆராய்ந்தபோது, லாமின் ஏ, சி ஆகிய இரண்டும் செல் சாற்றில் கரைந்து மிதக்க, லாமின் பி மட்டும் சவ்வைப் பற்றிக்கொண்டே போவதைக் கண்டார்கள். 1990இல் ரெபெக்கா ஹீல்டும் ஃபிராங்க் மெக்கியானும் பாஸ்பேட் ஏறும் இடங்களை மாற்றியமைத்த லாமினைச் செல்களுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அந்த லாமின் மைட்டாசிஸின்போது, அதாவது உட்கரு பிரியும் வேளையில், கலைய மறுத்தது. மாணவி கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. உறையின் சவ்வு எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலோடு சேர்ந்துகொள்கிறது; லாமின்கள் உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில் காத்திருக்கின்றன; பிரிதலின் கடைசிக் கட்டமான டீலோஃபேஸில் பாஸ்பேட்டை வேறு நொதிகள் கழற்றியவுடன் எல்லாம் குரோமோசோம்களைச் சுற்றி மறுபடி கூடுகின்றன.

உறை இருப்பதே ஒரு கட்டுப்பாடு என்பதற்கும் சான்று உண்டு. ஜூலியன் ப்ளோவும் ரான் லாஸ்கியும் 1988இல் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் சாற்றில் செய்த சோதனையில், ஒருமுறை நகலெடுக்கப்பட்ட டிஎன்ஏ, உறை முழுதாக இருக்கும்வரை மறுமுறை நகலெடுக்கப்படவில்லை. உறையில் துளைகளை உண்டாக்கியபோது அதே சுழற்சிக்குள்ளேயே மறுபடி நகலாயிற்று. அதாவது உறை கலைந்து மீண்டும் கூடுவது, ‘ஒரு சுற்று முடிந்தது, அடுத்த நகலுக்கு அனுமதி’ என்று செல்லுக்குச் சொல்லும் முத்திரையாகவும் அங்கே வேலை செய்கிறது. உடல் செல்களில் இந்தக் காவலை வேறு புரதங்களும் பகிர்ந்துகொள்கின்றன என்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் ஓர் உறையின் வடிவம் செய்தியாக மாறும் அழகைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்தச் சோதனை போதும்.

இங்கே மொழி பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். பாறசாலைப் பிள்ளைகளின் புத்தகத்தில் உட்கருவின் பெயர் ‘மர்மம்’. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் துப்பறியும் கதையை நினைவூட்டுவதால் முதல் நாள் சிரித்துவிட்டார்கள். உயிர்நிலை என்ற பொருளுடைய அந்த வடசொல்தான் இந்த மாவட்டத்து ஆசான்கள் கையாளும் ‘வர்மம்’ என்று விளக்கியதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. தொட்டால் உயிரையே அசைக்கும் இடம் என்ற பொருளோடு உட்கருவை நினைக்கும் பிள்ளைக்கு, செல் தன் வர்மத்தின் காவலைத் தானே கழற்றி வைக்கத் துணிகிறது என்பது சாதாரணச் செய்தியாகப் படாது. உட்கரு உறைக்கு ஆதரவாக இதையும் நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இரண்டு இடங்களில் இடறுகிறது. முதலாவது, உறை கலைவது முடிவெடுத்தபின் நடக்கும் செயல். 1970இல் பி. என். ராவும் ராபர்ட் ஜான்சனும், பிரிந்துகொண்டிருக்கும் செல்லையும் இடைக்கால நிலையில் இருக்கும் செல்லையும் ஒன்றாக இணைத்தபோது, தயாராக இல்லாத உட்கருவும் உறை கலைந்து, குரோமோசோம்கள் அரைகுறையாகச் சுருண்டன. பிரிதலைத் தூண்டும் பொருள் சைட்டோபிளாசத்தில் எழுந்துவிட்டால், உறை தன் விருப்பம் என்று எதையும் காட்டாமல் கலைந்துவிடுகிறது என்பதுதான் இதன் பொருள். கட்டளை பிறந்த இடம் வேறு. உறை அதற்குக் கட்டுப்படும் இடம். இரண்டாவது, எல்லா உயிர்களுக்கும் இது பொதுவானதன்று. ஆப்ப மாவைப் பொங்கவைக்கும் கள்ளில் இருக்கும் ஈஸ்ட், உட்கரு உறையைக் கலைக்காமலே, உறைக்குள்ளேயே கதிர்கோல் என்ற இழைக் கட்டமைப்பை எழுப்பிக் குரோமோசோம்களைப் பிரித்துவிடுகிறது. உறை கலைவதே பிரிதலின் திறவுகோல் என்று கற்பித்துவிட்டு, மறுநாள் காலை ஆப்பத்தை எடுத்துக்கொண்டு வரும் மாணவனுக்கு என்ன சொல்வது?

மைட்டோகாண்டிரியாவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர்கள் மாணவர்களே. ‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்ற பெயர் அவர்களுக்கு நன்றாகப் பழகியிருக்கிறது. படத்தில் காண்பதுபோல அது அவரைவிதை வடிவில் அசையாமல் கிடப்பதில்லை என்று சொன்னாலே பலருக்கு வியப்பு. அது நாள்முழுதும் நீண்டும் இணைந்தும் அறுந்தும் கொண்டிருக்கிறது. கஸ்தூரி மித்ராவும் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் குழுவினரும் 2009இல் எலியின் சிறுநீரகச் செல்களில் கண்டது இதில் மிக முக்கியமானது: டிஎன்ஏ நகலெடுக்கும் எஸ் கட்டத்திற்குள் நுழையும் தறுவாயில், செல்லிலுள்ள மைட்டோகாண்டிரியாக்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்து ஒரே பெரும் வலையாகின்றன. துண்டாக்கும் வேலையைச் செய்யும் டிஆர்பி1 என்ற புரதத்தை அடக்கி, இந்த வலையைச் செயற்கையாக உண்டாக்கியபோது, சைக்ளின்-இ என்ற புரதம் மிகுந்து, ஓய்ந்திருந்த செல்களும் நகலெடுக்கத் தொடங்கின. வலையின் மின்னழுத்தத்தைக் கெடுத்தபோது செல்கள் எஸ் கட்டத்திற்குள் நுழையாமல் நின்றன. மைட்டாசிஸ் வரும்போது கதை தலைகீழாகிறது: அதே சிடிகே1 நொதி டிஆர்பி1 மேல் பாஸ்பேட் ஏற்ற, வலை சிறு துண்டுகளாக அறுபட்டு, இரண்டு சேய் செல்களுக்கும் பங்கு கிடைக்க வழி உண்டாகிறது. மைட்டோகாண்டிரியாவைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ள எந்தச் செல்லாலும் முடியாது. பங்கு கிடைக்காத சேய்க்கு வாழ்வில்லை.

கட்டுப்பாடு என்ற அளவுகோலில் இது உட்கரு உறையைவிட ஒரு படி மேலே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு முனையில் கட்டளைக்கு முன்னும், மறுமுனையில் கட்டளைக்குப் பின்னும் அது இருக்கிறது. தாவரத்திலும் ஒப்புமை உண்டு; அரபிடாப்சிஸ் செடியின் தண்டு நுனிச் செல்களில், பிரிதலுக்கு முன் மைட்டோகாண்டிரியா உட்கருவைச் சுற்றிக் கூண்டுபோல ஒன்றாகத் திரள்வதை 2008இல் படமெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இருந்தும் எங்கள் நான்கு மணி நேரத்திற்கு இது ஏற்றதாகப் படவில்லை. இணைவது ஏன் சைக்ளின்-இயைப் பெருக்குகிறது என்று விளக்கப் புகுந்தால் சவ்வின் மின்னழுத்தம், ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறின் உற்பத்தி, பி53 என்ற காவல் புரதம் என்று ஒவ்வொன்றாக இழுத்து வர வேண்டும். பாதி வழியில் பிள்ளைகள் செல் பிரிதலை மறந்து ஆற்றல் கணக்கில் நின்றுவிடுவார்கள். ஜேனஸ் பச்சைச் சாயத்தில் உயிருள்ள வெங்காயத் தோலைத் தோய்த்தால், மைட்டோகாண்டிரியா நீலப்பச்சைப் புள்ளிகளாக எங்கள் நுண்ணோக்கியிலும் மங்கலாகத் தெரியும். ஆனால் அந்தத் தோலின் செல்கள் பிரிவதில்லை. பிரியாத செல்லைக் காட்டிப் பிரிதலைப் பேசுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

கதிர்கோலின் முனைகளாக அமையும் சென்ட்ரோசோமை நீண்ட நேரம் எடைபோடவில்லை. தியோடர் போவேரி 1888இல் பெயரிட்டு, 1914இல் புற்றுநோயோடு தொடர்புபடுத்திப் பேசிய பெருமை அதற்குண்டு. ஒரு சுழற்சியில் ஒரே முறை இரட்டிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தவறினால், கதிர்கோலுக்கு மூன்று நான்கு முனைகள் முளைத்துக் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படும் என்பதும் உண்மை. ஆனால் ரெனாட்டா பாஸ்தோவும் ஜோர்டன் ராஃபும் பங்கேற்ற ஆய்வில், சென்ட்ரோசோமின் நடுவில் இருக்கும் சென்ட்ரியோல்களே இல்லாத பழ ஈக்கள் முதிர்ந்த ஈயாகும்வரை வளர்ந்தன என்று 2006இல் தெரியவந்தது. அந்தச் செல்கள் எப்படியோ கதிர்கோலைக் கட்டிக்கொண்டன. எங்கள் கையில் இருக்கும் வெங்காயத்திலோ சென்ட்ரோசோம் என்ற உறுப்பே கிடையாது.

கதிர்கோல் என்ற சொல் வரும்போதெல்லாம் என் அக்காவின் நினைவு வருகிறது. திருவனந்தபுரத்தில் புற்றுநோய்க்கு அவர் எடுத்துக்கொண்ட பாக்லிடாக்சல் மருந்தைப் பற்றி, ‘செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துகிற மருந்து’ என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பேருந்தில் திரும்பி வரும்போது அது எப்படி நிறுத்தும் என்று என்னிடம் கேட்டார். கதிர்கோலை உண்டாக்கும் நுண்குழல்கள் கூடவும் கலையவும் வேண்டும் என்பதையும், மருந்து அவற்றைக் கலையவிடாமல் உறையவைப்பதால் குரோமோசோம்கள் சரியாக அணிவகுக்க முடியாமல் செல் நடுவழியில் நின்றுவிடுகிறது என்பதையும் அன்று நான் சொன்னேன். நம் மலையடிவாரத்தில் வேலியோரம் பூக்கும் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்கிசின் இதற்கு நேரெதிராக, நுண்குழலைக் கூடவிடாமல் செய்து அதே இடத்தில் செல்லை நிறுத்துகிறது. செங்காந்தளை வகுப்பறைக்குக் கொண்டுவரும் எண்ணத்தை மட்டும் உடனே விட்டுவிட்டேன். மாணவர் கையில் கொடுக்கக்கூடாத கொடிய நஞ்சு அது.

இனி கோல்கை. கமிலோ கோல்கி 1898இல் கூகையின் மூளை நரம்புச் செல்களில் வெள்ளி உப்பேற்றி இதைக் கண்டபோது, பலர் அதைச் சாயம் பூசியதால் உண்டான பொய்த்தோற்றம் என்றார்கள். 1950களில் மின்னணு நுண்ணோக்கி வந்தபிறகுதான் ஐயம் நீங்கியது. நம் பாடநூலில் அது புரதங்களை மெருகேற்றிப் பொதிந்து அனுப்பும் கூடமாக மட்டும் வருகிறது. செல் பிரிதல் பாடத்தில் அதன் பெயர் வருவதே அரிது. நான் அதன் பக்கம் சாய்வதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

பாலூட்டிகளின் செல்லில் கோல்கையின் தட்டடுக்குகள் பல, பக்கவாட்டில் ஒன்றோடொன்று இணைந்து, உட்கருவுக்கு அருகில் சென்ட்ரோசோமை ஒட்டி ஒரே நீண்ட நாடாவாகக் கிடக்கின்றன. டிஎன்ஏ நகலெடுத்து முடிந்தபின் மைட்டாசிஸுக்கு முன் வரும் ஜி2 கட்டத்தின் பிற்பகுதியில், அதாவது உட்கரு உறை இன்னும் முழுதாக இருக்கும்போதே, இந்த நாடா அறுபட்டுத் தனித்தனி அடுக்குகளாகிறது. மைட்டாசிஸ் தொடங்கியபின் அந்த அடுக்குகளும் நுண்பைகளாகச் சிதறி, சேய் செல்களில் மீண்டும் கூடி நாடாவாகின்றன. அடுக்குகளைப் பக்கவாட்டில் பிணைத்து வைப்பதில் கிராஸ்ப்65 என்னும் புரதத்திற்குப் பங்குண்டு. அதன் மேலும் பாஸ்பேட் ஏறும்போது பிணைப்பு நெகிழ்கிறது.

இதுவரை சொன்னது மாற்றத்தின் வரலாறு. கட்டுப்பாட்டின் சான்று இனித்தான் வருகிறது. 2002இல் கிறிஸ்டின் சுட்டர்லினும் விவேக் மல்ஹோத்ராவும் உடனிருந்தவர்களும், கிராஸ்ப்65 புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை உயிருள்ள எலிச் செல்களுக்குள் நுண்ணூசியால் செலுத்தினார்கள். கோல்கை சிதற முடியாமல் நின்றது. அந்தச் செல்கள் மைட்டாசிஸுக்குள் நுழையவில்லை. குரோமோசோம்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாமல், டிஎன்ஏவைத் தொடாமல், எங்கோ ஓர் ஓரத்தில் கிடந்த சவ்வடுக்கு பிரியாமல் இருப்பதே செல்லை நிறுத்திவிட்டது. இந்தத் தடை கோல்கையால்தானா, எதிர்ப்பொருள் வேறு எதையோ கெடுத்ததாலா என்ற நியாயமான சந்தேகத்தையும் அவர்கள் தீர்த்துவைத்தார்கள். பிரெஃபெல்டின்-ஏ என்ற பொருள் கோல்கையை வேறு வழியில் கலைத்துவிடும். அப்படி முன்பே கலைத்துவிட்ட செல்களில், எதிர்ப்பொருள் இருந்தும் மைட்டாசிஸ் நடந்தது. சாவடியில் கம்பு ஏற்கெனவே உயர்ந்திருந்தால், அதை உயர்த்தும் ஆள் இல்லாவிட்டாலும் லாரி போய்விடும் அல்லவா, அப்படித்தான். அளவுகோலாக நான் முன்வைத்த கேள்விக்கு, இவ்வளவு நேராகப் பதில் சொல்லும் சோதனை மற்ற நுண்ணுறுப்புகளில் எனக்குக் கிடைக்கவில்லை.

பின்னர் வந்த ஆய்வுகள் இதன் உள்வழியையும் ஓரளவு திறந்து காட்டியிருக்கின்றன. நாடாவை அறுப்பதில் ‘பார்ஸ்’ என்ற புரதம் ஈடுபடுவதையும், அதை அடக்கினால் செல்கள் ஜி2இலேயே தேங்குவதையும் அந்தோனினோ கொலாஞ்சி, ஆல்பர்ட்டோ லூயினி ஆகியோரின் குழு காட்டியது. கோல்கை அறுபடும்போது அதன் மேலுள்ள சார்க் என்ற நொதி விழித்து, சென்ட்ரோசோமிற்கு ஆரோரா-ஏ நொதி வந்து சேர உதவுகிறது என்பது 2016இல் வெளியானது. ஆரோரா-ஏ, பிரிதலின் தலைவாசலைத் திறக்கும் சிடிகே1 விழிப்பதற்குத் துணை செய்வது. உட்கரு உறை சிடிகே1இன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கலைகிறது. கோல்கையோ, தான் கலைந்ததைச் சொல்லி அந்தச் சிடிகே1 எழுவதற்கே வழிசெய்கிறது. இந்த முன்பின் வேறுபாட்டைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் போதும். கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது, பொது அடுப்பைப் பிரித்துத் தனித்தனியாக உலை வைத்தபிறகுதான் மனையை அளக்க ஆள் வருவார்கள் என்று எங்கள் ஊரில் சொன்னால் யாருக்கும் விளங்கும். அடுப்புப் பிரிவது பாகப்பிரிவினையின் விளைவன்று. அது நடந்தாலொழிய மற்றது தொடங்காது.

இவ்வளவு சொன்னபிறகும் ஆசிரியை ஒரே ஒரு கேள்வியால் என்னை நிறுத்தினார். நீங்கள் காட்டப்போவது வெங்காய வேர்நுனி. அதில் கோல்கை நாடா எங்கே இருக்கிறது என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. தாவரச் செல்லில் கோல்கை ஒரே நாடாவாகக் கிடப்பதில்லை. தனித்தனி அடுக்குகளாக, சில செல்களில் பல நூறு வரை, சைட்டோபிளாசமெங்கும் பரவியிருக்கிறது. எப்போதுமே பிரிந்திருப்பதை அறுக்க வேண்டிய தேவை இல்லை. மைட்டாசிஸின்போதும் அது சிதறாமல் அடுக்காகவே இருக்கிறது. ஆகவே விலங்குச் செல்லில் சாவடியாக நிற்கும் கோல்கை, வெங்காயத்தில் சாவடியாக நிற்பதில்லை. எலிச் செல்லின் பாடத்தைப் பலகையில் எழுதிவிட்டு, கண்ணாடித் துண்டில் வெங்காயத்தை வைத்து, இரண்டும் ஒன்றே என்பதுபோல நகர்ந்துவிடுவது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். உட்கரு உறையை எடுத்தாலும் இதே சிக்கல் சிறிது உண்டு: வெங்காயத்தில் உறை கலைவது உண்மை, ஆனால் விலங்குகளுக்குரிய லாமின் புரதம் தாவரங்களில் இல்லை; அந்த வேலையை வேறு புரதங்கள் செய்கின்றன. ஒரு வாரம் இந்த இடத்திலேயே நின்றோம்.

வழியைத் திறந்தவரும் அவரே. தாவரச் செல் விலங்குச் செல்லைப்போல நடுவில் இறுகி இரண்டாவதில்லை. அதன் கெட்டியான சுவர் அதற்கு இடம் தராது. இரண்டு சேய் உட்கருக்களுக்கும் நடுவே கோல்கை அடுக்குகளிலிருந்து புறப்பட்ட நுண்பைகள் வரிசையாக வந்து சேர்ந்து, ஒன்றோடொன்று இணைந்து, செல்தட்டு என்ற புதிய தடுப்பை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கட்டுகின்றன. விலங்குச் செல்லில் பிரிதலின் தொடக்கத்தில் காவல் நிற்கும் கோல்கை, தாவரச் செல்லில் பிரிதலின் முடிவை முடித்துக்கொடுக்கிறது. அந்தச் செல்தட்டு, டீலோஃபேஸில் இருக்கும் வேர்நுனிச் செல்லில் மெல்லிய கோடாக எங்கள் 400 மடங்கு நுண்ணோக்கியில் தெரியும். கோல்கையை நேரில் காட்ட முடியாவிட்டாலும், அது கட்டிய சுவரைக் காட்ட முடியும்.

அதைத் தடுத்துப் பார்க்கவும் முடியும் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. செல்தட்டு காஃபீனுக்கு இளகிவிடும் என்பது 1960களிலிருந்தே அறியப்பட்டது. 0.1 சதவீதக் காஃபீன் கரைசலில் வளரும் வேர்களை ஒரு மணி நேரம் வைத்தால், நுண்பைகள் வந்து கூடத் தொடங்கினாலும் தட்டு நிலைபெறாமல் கலைந்துபோகிறது. குரோமோசோம்கள் முறையாகப் பிரிந்துவிடுகின்றன, இரண்டு உட்கருக்களும் உறையோடு உருவாகிவிடுகின்றன, ஆனால் நடுவில் சுவர் இல்லை. ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. உட்கரு பிரிவதும் செல் பிரிவதும் ஒன்றல்ல என்பதையும், சவ்வின் அமைப்பு கைகூடாதபோது பிரிதல் முற்றுப்பெறாது என்பதையும், ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் அந்தக் காட்சி சொல்லிவிடும். தடுத்தால் நிற்குமா என்ற கேள்வியை எலிச் செல்லில் யாரோ கேட்டதாக மட்டும் சொல்லாமல், பிள்ளைகள் தங்கள் கையாலேயே கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே கோல்கை என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் அமர்வு முழுவதும் விலங்குச் செல். 2002ஆம் ஆண்டுச் சோதனையை மட்டும் படிப்படியாக வரைந்து, ஒவ்வொரு படியிலும் ‘அடுத்து என்ன நடக்கும்’ என்று கேட்டு நகர்த்துவது. உட்கரு உறையை விட்டுவிடவில்லை. கோல்கை அறுபட்டபிறகு சிடிகே1 எழும்போது, அதன் கட்டளைக்குக் கலையும் முதல் பெரிய அமைப்பாக லாமின்களோடு அது வந்து சேரும். அந்த இடத்தில் மாணவியின் கேள்விக்கான விடையை அவளையே சொல்லவைக்க வேண்டும் என்பது ஆசிரியையின் விருப்பம். மைட்டோகாண்டிரியாவை விரும்பிய இரண்டு மாணவர்களுக்கு, 2009ஆம் ஆண்டு ஆய்வின் சாரத்தைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதித் தருகிறேன்; அடுத்த மாதம் அவர்களே பேசட்டும்.

இரண்டாம் அமர்வுக்கு முந்தைய புதன்கிழமை மாலை, சந்தையில் வாங்கிய சின்ன உள்ளிகளின் பழைய வேரைச் சீவி, அடிப்பாகம் மட்டும் நீரைத் தொடும்படி குப்பிகளின் வாயில் வைக்க வேண்டும். பல்லாரியைவிட உள்ளி எங்களுக்கு வசதி. சிறிய குப்பியே போதும், வேரும் விரைவில் விடும். சனிக்கிழமை காலைக்குள் இரண்டு சென்டிமீட்டர் வேர் வந்துவிடும். அப்போது பாதிக் குப்பிகளில் நீரை மாற்றிக் காஃபீன் கரைசலை ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துக் கழுவி, மீண்டும் நீரில் சில மணி நேரம் விட்டு, இரண்டு வகை வேர்களையும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த கரைசலில் தனித்தனியே போட்டு வைத்துவிடலாம். ஞாயிறன்று நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெதுப்பி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, நுனியை மட்டும் எடுத்து நசுக்குவது பிள்ளைகளின் வேலை. எந்தக் குப்பி எது என்று அவர்களிடம் முதலில் சொல்லப்போவதில்லை. ஒரு நுண்ணோக்கியில் கோடு விழுந்த செல்களும், மற்றதில் இரட்டை உட்கரு கொண்ட செல்களும் தெரியும்போது, எது காஃபீன் பட்ட வேர் என்பதையும், அங்கே செல்லுக்குள் எந்த வேலை நின்றுபோயிருக்கும் என்பதையும் அவர்களே குறிப்பேட்டில் எழுதித் தர வேண்டும். ‘மறைந்தது’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல்.